பொலிஸ் வாங்கில் பிளாக் சபாத்

கண்டி
12.05.1998

அன்புள்ள கமலாசனிக்கு,

நீரும் பிள்ளைகளும் நலமாயிருக்க வேண்டுகிறேன். எனக்குக் கால் உளைவும் களைப்பும்தான். இதை நானே எழுதுகிறேன்.

நான் காவலிருக்கும் கசெட் கடைக்குக் கறுப்புச் சட்டைப் பெடியள் இருவர் வருவார்கள். ஹெவி மெட்டல் என்ற இரைச்சல் பாட்டில் பைத்தியம்.

"மெட்டாலிக்காவக் கேட்டுத்தான் நான் கிட்டாரே தூக்கினேன்" என்பான் பஹ்மி.

"போடா, அவனுங்களுக்கே வாத்தியார் பிளாக் சபாத்துடா!" என்பான் மஹய்யாவப் பக்கத்து யோகேஸ்.

போன செவ்வாயன்று, வெளியூர்த் தமிழர் பொலிஸில் பதிந்து வைத்திருக்க வேண்டிய துண்டு என்னிடம் இல்லையென்று பொலிஸ் என்னைக் கூட்டிப்போனது. பயப்படாதேயும். இருவரும் பின்னால் வந்து எனக்காகப் பேசினார்கள். பிறகு பின்னேரம்வரை பொலிஸ் நிலைய வாங்கில் குந்தியிருந்து, எந்தப் பாட்டுக் குழு பெரிதென்ற அதே சண்டையைப் பிடித்தார்கள்.

பொலிஸ் பெரியவர் காதைப் பொத்திக்கொண்டு, "இந்த ஐயாவையும் கூட்டிக்கொண்டு போங்கள்" என்று சிங்களத்தில் சொன்னார். கைநாட்டு வைக்க மைப்பெட்டியை நீட்டினார். நான் பேனை கேட்டு வாங்கி, மெதுவாக என் பெயரை எழுதினேன். எனக்கு எழுத்துப் பழக்கிய பெடியள் விசிலடித்தார்கள்.

பதிவுக்கு என் பிறப்புப் பத்திரம் அனுப்பும். அது வராவிட்டால் மறுபடி பிடிப்பார்கள். தடித்த போர்வையும் வேண்டும்.

கடை திறக்கிறார்கள். இனி உம்முடைய கடிதத்தை வேறொருவரும் எனக்கு வாசிக்கத் தேவையில்லை. இவ்வளவு காலமும் எழுதாமல் விட்டதை எழுதும்.

கந்தையா