வடிகட்டிய தண்ணீர்

நாகலூர்
9 ஜூன் 2024

என் ஷெர்லின் கண்ணுக்கு,

அக்கா எழுதுகிறேன். பெட்டியை மடியில் வைத்துக்கொண்டே ஏற்காடு வரை பஸ்ஸில் போய் பார்சல் ஆபீஸில் கொடுத்துவிட்டேன். பத்தும் கண்ணாடிப் பாட்டில். உடைந்திருந்தால் என்னைத் திட்டாதே, கண்டக்டரைத் திட்டு. கடிதத்தையும் பெட்டிக்குள்ளேயே வைத்திருக்கிறேன். போனில் பேசினால் நாலு தரம் ‘ம்’ கொட்டிவிட்டு வைத்துவிடுகிறாய். எழுதினால் கடைசி வரை படித்துத்தானே ஆகவேண்டும்.

நீ கேட்டபடியே எடுத்திருக்கிறேன். எங்கள் யூனிட்டில் பழைய உரச் சாக்குகளைக் கழுவியதும் வருகிற அழுக்குத் தண்ணீர் ஐந்து பாட்டில். முதலாளி தனபால் கட்டிய தொட்டியில், மணலிலும் காப்பித் தொலிக் கரியிலும் இறங்கி, ஓடைக்குப் போகும் முன்னால் வருகிற சுத்தத் தண்ணீர் ஐந்து பாட்டில். கண்ணுக்கே தெரியாத பிளாஸ்டிக் தூளை எப்படித்தான் எண்ணுவாயோ.

சுத்தத் தண்ணீர்த் தொட்டிக்கு மேலே சில்வர் ஓக் மரம் நிற்கிறது. இலை, பூச்சி, ஒரு தலைப்பிரட்டைகூட நீந்திக்கொண்டிருந்தது. அப்படியே உனக்கு அனுப்ப எனக்கு மனசு வருமா? என் மெரூன் துப்பட்டாவை அலசி, நாலாக மடித்து, அதில் வடிகட்டித்தான் ஊற்றினேன். அழுக்குத் தண்ணீரை வடிகட்டவில்லை. அது அழுக்காகத்தானே இருக்கவேண்டும்.

தனபால் பயந்துகொண்டே இருக்கிறார். “ஏனுங்க செல்வி, பாப்பா நல்லபடியா எழுதுமுங்களா?” என்று தினமும் கேட்கிறார். என்னோடு சேர்த்து இருபத்திரண்டு பொம்பளைகள் வேலை செய்கிற இடம். என் தங்கச்சி எழுதினால் சரியாகத்தான் எழுதுவாள் என்றேன். நேரத்துக்குச் சாப்பிடு.

உன் அக்கா,
செல்வி


சென்னை
30 ஜூன் 2024

அன்புள்ள அக்காவுக்கு,

ஒரு பாட்டில்கூட உடையவில்லை. கண்டக்டருக்கு என் நன்றியைச் சொல்.

ரிசல்ட் வந்துவிட்டது. எங்கள் சார் என்னை அவர் அறைக்குக் கூப்பிட்டு நாற்காலியில் உட்காரச் சொன்னார். இரண்டு வருடத்தில் இதுதான் முதல் தரம். இதுவரை, ‘உனக்கு ஆராய்ச்சி வராது, ஏதாவது பள்ளிக்கூடத்துக்கு டீச்சராகப் போ’ என்று எல்லார் முன்னாலும் சொல்லிக்கொண்டிருந்தவர். அன்றைக்கு டீ வரவழைத்தார்.

ரிசல்ட் என்னவென்று இப்போது சொல்லக்கூடாது. மாதம் ஒரு பெட்டி அனுப்பு. முதல் தரம் எப்படி எடுத்தாயோ அப்படியே எடு. எதையும் மாற்றாதே. அதே தொட்டி, அதே மாதிரி.

காலிப் பாட்டில்களோடு உனக்கு ஒரு ஸ்வெட்டர் வைத்திருக்கிறேன். பெரிதாக இருந்தால் மேலே சால்வை போர்த்தாமல் அப்படியே போட்டுக்கொள்.

உன்
ஷெர்லின்


நாகலூர்
15 செப்டம்பர் 2024

என் கண்ணுக்கு,

நாலாவது பெட்டி. ஸ்வெட்டரைப் போட்டுக்கொண்டு கோயிலுக்குப் போனேன். சென்னையிலிருந்து வந்ததா என்று கேட்டவர்களிடம் எல்லாம், என் தங்கச்சி பிளாஸ்டிக்கைத் தண்ணீரிலிருந்து பிடிக்கிற படிப்பு படிக்கிறாள் என்று சொல்லியாகிவிட்டது. பாதிப் பேருக்கு ஒன்றும் புரியவில்லை. எனக்கும்தான்.

அத்தாயியை உனக்குத் தெரியும். கொட்டச்சேட்டிலிருந்து நடந்தே வேலைக்கு வருகிற மலைக்காரம்மா. நான் குனிந்து வடிகட்டுவதைப் பார்த்து, “மாப்பிள்ளைக்குக்கூட இவ்வளவு பக்குவமா யாரும் தண்ணி குடுக்க மாட்டாங்க செல்வி” என்று எல்லாரையும் சிரிக்க வைத்துவிட்டாள். தனபாலும் சும்மா இல்லை, கரியை மாற்றிப் புது மணல் கொட்டியிருக்கிறார்.

நீ மட்டும் வாயைத் திறக்க மாட்டேன் என்கிறாய். பாஸா பெயிலா என்று ஒரு வார்த்தை எழுதினால் உன் படிப்பு குறைந்தா போய்விடும்? சொல்லு சாமி.

உன் அக்கா,
செல்வி


சென்னை
20 அக்டோபர் 2024

அன்புள்ள அக்காவுக்கு,

நல்ல செய்தி. எங்கள் கட்டுரையை வெளிநாட்டுப் பத்திரிகை ஒன்று ஏற்றுக்கொண்டது. அதை வைத்தே நார்வேயில் மூன்று வருட ஆராய்ச்சிக்கு என்னை எடுத்திருக்கிறார்கள். மார்ச்சில் கிளம்பவேண்டும். சார் என்னைத் தன் மகள் மாதிரி என்று சொன்னார்.

இன்னொன்றும் இருக்கிறது. தனபாலின் தொட்டிக்குள் போகிற தண்ணீரில் இருப்பதைவிட, வெளியே வருகிற தண்ணீரில் பிளாஸ்டிக் நூல் அதிகமாக இருக்கிறது. கட்டுரையே அதுதான். இந்த மாதிரிச் சின்னத் தொட்டிகள் ஏமாற்று வேலை, அவையே அழுக்கைக் கூட்டுகின்றன என்று எழுதியிருக்கிறோம். ஒரு பிரதியைச் சார் சேலத்து மாசுக் கட்டுப்பாட்டு ஆபீஸுக்கு அனுப்பினார். நான் அனுப்பவில்லை. யாராவது வந்தால் நீ ஒன்றும் பேசாதே. இனிப் பெட்டி வேண்டாம்.

ஷெர்லின்


நாகலூர்
24 நவம்பர் 2024

ஷெர்லின் கண்ணுக்கு,

பதினைந்து தரம் போன் செய்தேன். நீ எடுக்கவில்லை. அதனால் ரெஜிஸ்டர் தபாலில் எழுதுகிறேன்.

யூனிட்டுக்குச் சீல் வைத்துவிட்டார்கள். தனபால் கேட்டருகே நின்று குழந்தை மாதிரி அழுதார். என்னோடு சாக்குக் கழுவிய கலா தினமும் பஸ் பிடித்து மலை இறங்கி, அடிவாரத்தில் ஒரு கம்பெனிக்குப் போகிறாள். ஒவ்வொரு வளைவிலும் வாந்தி எடுத்து, கைக்குழந்தைக்குப் பாலும் நின்றுவிட்டது. அத்தாயிக்கு அறுபது வயது, அவளைக் கம்பெனியில் எடுக்கவில்லை. எஸ்டேட்டில் காப்பிப் பழம் பறிக்கப் போகிறாள்.

இப்போது நான் சொல்வதைக் கோபப்படாமல் படி. சீல் வைக்க வந்த ஆபீசர் உங்கள் கட்டுரையில் இருந்த படத்தைக் காட்டினார். தண்ணீரில் கிடந்த நூலாம். பெரிதாக்கிப் போட்டிருந்தார்கள். எல்லாம் மெரூன் கலர். எங்கள் சாக்கு அத்தனையும் வெள்ளை. அது என் துப்பட்டா, கண்ணு. நான் வடிகட்டி வடிகட்டி ஊற்றியதில் போன நூல். அழுக்குத் தண்ணீரை நான் வடிகட்டவில்லை, அதில் அந்த நூல் இல்லை. தொட்டி மேல் ஒரு குற்றமும் இல்லை.

வடிகட்டாதே என்று நீ சொல்லவில்லை, எனக்கும் தெரியவில்லை. முட்டாள்தனம் என்னுடையது. ஆனால் திருத்திவிடலாம் அல்லவா? தண்ணீர் எடுத்ததில் தப்பு, மறுபடி எடுத்துப் பார்க்கவேண்டும் என்று நீ ஒரு கடிதம் எழுதினால் போதும், யூனிட்டைத் திறந்துவிடுவார்களாம். என் மேலேயே பழி போட்டு எழுது. அம்மா போன பிறகு உன்னை வளர்த்தவள் கேட்கிறேன். உன் காலில் வேண்டுமானாலும் விழுகிறேன்.

உன் அக்கா,
செல்வி


சென்னை
6 டிசம்பர் 2024

அக்கா,

இனிப் போன் செய்யாதே. இப்போது எல்லாரும் எல்லாவற்றையும் ரெக்கார்டு செய்கிறார்கள். இதைப் படித்ததும் கிழித்துப் போடு.

நீ சொல்லித்தான் எனக்குத் தெரியவேண்டும் என்றில்லை. உன் முதல் கடிதத்தை ரிசல்ட் வந்த பிறகுதான் பிரித்தேன். துப்பட்டா என்று படித்ததுமே புரிந்துவிட்டது. உன் சாக்கு ஒரு வகைப் பிளாஸ்டிக், துப்பட்டா வேறு வகை. எங்கள் மெஷின் இரண்டையும் பிரித்துக் காட்டும். காட்டியது. அந்தப் பக்கத்தை எடுத்துவிட்டேன். அதற்குள் சார் டீ வாங்கிக் கொடுத்துவிட்டார், புரிகிறதா? அதனால்தான் எதையும் மாற்றாதே என்று உனக்கு எழுதினேன்.

நான் ஒன்றும் எழுதப்போவதில்லை. சாக்குக் கழுவுகிறவர்கள் இங்கே இல்லாவிட்டால் வேறு எங்காவது கழுவுவார்கள். எனக்கு இன்னொரு நார்வே வராது. நீயே போய்ச் சொல்லலாம் என்று நினைக்காதே. எட்டாம் வகுப்போடு நின்றவள், வேலை போன ஆத்திரத்தில் உளறுகிறாள் என்பார்கள். நானும் அதையேதான் சொல்வேன்.

வளர்த்தேன் வளர்த்தேன் என்கிறாய். வளர்க்கச் சொல்லி நான் கேட்கவில்லை. நான் படித்ததை ஊர் முழுக்கச் சொல்லி நீதான் பெருமைப்பட்டுக்கொண்டாய். அந்தக் கணக்கு அதோடு சரியாகிவிட்டது.

ஷெர்லின்


நாகலூர்
16 மார்ச் 2025

ஷெர்லினுக்கு,

உன் கடிதத்தைக் கிழிக்கவில்லை. ஐந்து வாரம் பைபிளுக்குள் வைத்திருந்தேன். கிழித்துவிடலாம் என்று மூன்று தரம் எடுத்தேன், அதையும் சொல்லிவிடுகிறேன்.

ஜனவரியில் அத்தாயி பழக்கூடையோடு சரிவில் வழுக்கி விழுந்து இடுப்பு முறிந்துவிட்டது. இனி நடக்கமாட்டாள். பார்க்கப் போனேன். கொட்டச்சேட்டில் அவள் வீட்டில் பாயில் கிடந்தபடி என் கையைப் பிடித்துக்கொண்டாள். “நீ எதுக்குச் செல்வி தலைகுனியற? உன் தங்கச்சி நொம்பப் படிச்ச புள்ள. அது எழுதினா சரியாத்தான் இருக்கும். நாமதான் ஏதோ தப்பாக் கழுவிட்டோம்” என்றாள். இடுப்பு ஒடிந்து கிடக்கிறவள் உனக்காகப் பேசுகிறாள். என்னால் அதற்கு மேல் தாங்க முடியவில்லை.

அடுத்த ஞாயிற்றுக்கிழமை எல்லாரையும் அவள் வாசலுக்கு வரச் சொல்லி உன் கடிதத்தைச் சத்தமாக வாசித்தேன். ஒரு வரி விடவில்லை. சாக்குக் கழுவுகிறவர்கள் என்று நீ எழுதியதையும், என்னை எட்டாம் வகுப்பு என்று எழுதியதையும் சேர்த்து. கலாதான் அழுதாள். அத்தாயி முகத்தைச் சுவர்ப்பக்கம் திருப்பிக்கொண்டாள்.

பிறகு தனபாலோடு சேலத்துக்குப் போய் ஆபீஸில் கொடுத்தேன். நகல் போதும் என்றார்கள். நான் அசல் கடிதத்தையே கொடுத்துவிட்டேன். வீட்டில் இருந்தால் எனக்கு மனசு மாறிவிடும். அவர்களே வந்து, வடிகட்டாமல், கண்ணாடிப் பாட்டிலில் தண்ணீர் எடுத்துப் போனார்கள். தொட்டி நன்றாகத்தான் வேலை செய்கிறது. நாளைக்கு யூனிட் திறக்கிறது. இருபது பேர் வேலைக்குப் போகிறார்கள். அத்தாயியால் முடியாது. என்னை வரவேண்டாம் என்று தனபால் சொல்லிவிட்டார். கோபமாகச் சொல்லவில்லை. என் முகத்தைப் பார்த்தால் அவருக்கு அந்த நாலு மாதமும் ஞாபகம் வருகிறதாம்.

உன் நார்வே நின்றுபோனதைப் பெரியப்பா மகன் மெல்வின் அண்ணன் வந்து சொன்னார். நீ ஹாஸ்டலைக் காலி செய்துவிட்டாயாம், வீட்டுக்கு வர நினைக்கிறாயாம். வராதே. இந்த ஊரில் எல்லாரும் உன் கடிதத்தைக் கேட்டுவிட்டார்கள், எனக்கும் உன்னைப் பார்க்கவேண்டும் என்று இல்லை. உன் துணிமணி, சர்டிபிகேட் எல்லாவற்றையும் அண்ணனிடமே கொடுத்தனுப்பிவிட்டேன்.

சேலத்தில் ஆபீசர் கடிதத்தைத் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டு, இது உங்கள் தங்கச்சி கையெழுத்துதான் என்று நிச்சயமாகச் சொல்ல முடியுமா என்று கேட்டார். நான்தான் ஸார் அவள் கையைப் பிடித்து எழுதக் கற்றுக்கொடுத்தேன் என்றேன். அதையும் எழுதி என்னிடம் கையெழுத்து வாங்கிக்கொண்டார்கள். போட்டுக் கொடுத்துவிட்டேன்.

லூர்துசெல்வி