ராபியா அம்மாவின் மேற்கு

புதன், இரவு.

தூக்கம் வரவில்லை. கம்பத்தில் அந்த நாலு மாடிக் குடியிருப்பின் மொட்டை மாடியில் இன்று செல்போன் டவர் ஏற்றினோம். என் பொறுப்பில் நடந்த முதல் வேலை. ஆன்டெனாவைக் கிழக்கே எங்கள் ஊரான காமயகவுண்டன்பட்டிப் பக்கம் திருப்ப வேண்டும். திசைகாட்டியைப் பார்த்து, "மேக்கு இதுதான், இதுக்கு நேர் எதுக்க எங்க ஊரு" என்று பையன்களிடம் சொல்லிக் கோணத்தைக் குறித்தேன்.

டவரே வேண்டாமென்று ஒரு மாதமாகச் சண்டை போட்டவர் மேல்வீட்டு ராபியா அம்மா. காய்ந்த துணியை எடுக்க வந்தவர் நின்றுவிட்டார்.

"ஏந்தம்பி, உங்க மேக்கு கோணலா இருக்கே. நான் அஞ்சு வேளையும் தொழுகுறவ. திசை எனக்குத் தெரியாதா?"

எனக்கு எரிச்சல்தான் வந்தது. அப்புறம் பார்த்தால், திசைகாட்டியை இரும்புத் தூணோடு ஒட்டிப் பிடித்திருக்கிறேன்! தள்ளி வந்ததும் முள் நகர்ந்தது. அவர் சொன்னதே சரி. அப்படியே போல்ட்டை முறுக்கியிருந்தால் சிக்னல் மலையில் போய் முட்டியிருக்கும்.

சாயங்காலம் ஆன் செய்ததும் வீட்டுக்குப் போன் போட்டேன். இத்தனை நாளும் என் மனைவி பேசுவதற்குத் திராட்சைத் தோட்டம் வரை நடக்க வேண்டியிருந்தது. இன்று அடுப்படியில் நின்றே எடுத்தாள்.

"கேக்குதா? ஏய், கேக்குதா?"

"நல்லாக் கேக்குது. கத்தாதீக, தாளிச்சுக்கிட்டு இருக்கேன்."