மஞ்சள் பட்ட கோதுமை

நவம்பர், வியாழன் இரவு.

ராகவனை நினைக்கவே அருவருப்பாக இருக்கிறது. எங்கள் கம்பனி களைகொல்லி விற்கிறது, அவர் எனக்கு மேலாளர். இலையுதிர்காலத்தில் அந்த மருந்து தெளித்த கோதுமையைப் பார்க்க இன்று விவசாயிகள் வந்தார்கள். அவர் அவர்களை ஒப்பிட்டுப் பார்க்க மருந்தே தெளிக்காமல் விட்ட பாத்தியின் முன் நிறுத்தி, "தெளித்த பயிர் இதுதான், ஓர் இலைகூட வாடவில்லை" என்றார். கொஞ்சமும் கூசவில்லை.

தெளித்த பாத்தி பக்கத்திலேயே மஞ்சளாக நின்றது. நான் போய் அதில் ஒரு பயிரைப் பிடுங்கி வந்து, முன்னால் நின்ற பெரியவரிடம் கொடுத்தேன். "தெளித்தது இது. பழைய இலைதான் மஞ்சள், குருத்து பச்சை. வசந்தத்தில் தேறிவிடும்." அவர் குருத்தை விரித்துப் பார்த்தார். அடுத்த வருடத்துக்கு இந்த மருந்தே வேண்டும் என்றார். உண்மையைச் சொல்லியே விற்கக்கூடிய மருந்துக்கு எதற்குப் பொய்?

திரும்பும்போது காரில் ராகவன், "என்னை அசிங்கப்படுத்திட்டீங்களே, ஸ்டெலா. மஞ்சளைப் பார்த்தா பயந்துடுவாங்கன்னுதான்..." என்று இழுத்தார்.

"அவையள் பயப்படேல்லை. பயந்தது நீங்கள்தான்."

மில்லிக்கனில் என் வீட்டு வாசலில் நான் இறங்கும்போது மெதுவாகச் சொன்னார்:

"அந்தப் பெரியவரோட ஆர்டரை என் பேர்ல போட்டுடுங்க."

கார்க் கதவை அடித்துச் சாத்திவிட்டு உள்ளே வந்தேன்.