அம்மா போட்ட வெல்டு

டெகோரா, அயோவா
மே 2, 1988

அன்புத் தம்பி வெர்லினுக்கு,

அம்மாவின் சக்கரம் வைத்த வெல்டிங் மெஷினை டிரக்கில் ஏற்றும்போது மூக்கைப் பொத்திக்கொண்டாயே, பார்த்தேன். எனக்கும் குமட்டத்தான் செய்தது. அவள் காலமானபின் கொட்டகையில் எலிகள் அதற்குள் குடித்தனம் நடத்திவிட்டன. குப்பையை வழித்துப் போட்டு எஞ்சினை ஓட வை, போதும்.

வண்டியில் பூட்டி இழுக்கும் சட்டத்தில் ஒரு தடித்த வெல்டு இருக்கும். பனியில் சட்டம் முறிந்த அன்று அம்மா தரையில் படுத்துக்கொண்டு போட்டது. "பாக்க லட்சணமா இருக்காது, ஆனா விட்டுப் போகாது" என்பாள். அதில் கை வைக்காதே.

அக்கா
மார்லிஸ்

வாட்டர்லூ
ஜூலை 30

அன்புள்ள அக்கா,

எலிக்கூடு ஒரு வாளி நிறைய வந்தது, செத்த குஞ்சுகளோடு. நாற்றம் தாங்காமல் என் மனைவி டயான் என்னைக் கொல்லைக் குழாயிலேயே குளிக்க வைத்தாள். எஞ்சின் இப்போது முதல் சுற்றிலேயே பிடிக்கிறது.

கோபித்துக்கொள்ளாதே. அந்த வெல்டு மரு மாதிரி துருத்திக்கொண்டு, பார்க்கவே அருவருப்பாக இருந்தது. தேய்த்துச் சமமாக்கி, பட்டி மாவு பூசி, சிவப்பு அடித்துவிட்டேன். பூதக்கண்ணாடி வைத்தாலும் தெரியாது. பழைய மெஷின்களின் கண்காட்சியில் அதற்கு முதல் பரிசு! ஞாயிறன்று உன் பிக்கப் டிரக்கில் பூட்டி இழுத்துப் போ. பரிசாகக் கட்டிய நீல ரிப்பனைக் கழற்றாதே.

உன் தம்பி
வெர்லின்

டெகோரா
ஆகஸ்ட் 9

வெர்லின்,

தேவாலய மேட்டில் ஏறும்போது சட்டம் அதே இடத்தில் முறிந்தது. மெஷின் தானாகப் பின்னோக்கி உருண்டு, மேட்டடியில் இருக்கும் ஹால்வர்சன் கிழவரின் பன்றிப்பட்டிக்குள் வேலியோடு போய் விழுந்தது. நல்லவேளை, பின்னால் யாரும் வரவில்லை. கிழவர் வந்து பார்த்துவிட்டு, "என்ன மார்லிஸ், எங்க பன்னிக்குச் சீர் கொண்டாந்தியா?" என்றார். நான் முழங்கால் வரை பன்றிக் கழிவில் நின்றேன். அந்த நாற்றம்கூட எனக்குப் பெரிதில்லை. உடைந்த இடத்தில் நீ பூசிய பட்டி பிஸ்கட் மாதிரி உதிர்ந்ததே, அதைப் பார்த்துத்தான் வாந்தி வந்தது. இரும்பைத் தின்றுவிட்டு அழகு பூசியிருக்கிறாய்.

மெஷினை வெளியே இழுத்துக் கழுவி, கைப்பிடியைச் சுற்றினேன். எஞ்சின் முதல் சுற்றிலேயே பிடித்தது. அதை மறைக்க மாட்டேன். அந்த மெஷினை வைத்தே அதன் சட்டத்தைப் பற்ற வைத்தேன். உன் சிவப்பு ஒரு சாண் கருகிவிட்டது. வெல்டு அம்மா போட்டதைவிட அசிங்கமாக வந்திருக்கிறது. நேற்று மேடு ஏறி இறங்கினேன். தாங்குகிறது.

கிறிஸ்துமசுக்கு வா, நம் வீட்டு வழக்கப்படி காய்ந்த மீனை ஊற வைக்கிறேன். கொட்டகைக்குப் பூட்டுப் போட்டாயிற்று. சாவி என்னிடம்தான் இருக்கும்.

உன் ரிப்பனை இந்தக் கடிதத்தோடு வைத்திருக்கிறேன். கழுவவில்லை.

மார்லிஸ்