மேற்குக் கண்ணாடியில் ஒட்டிய படங்கள்

பாய், ஜெனரேட்டரை இப்போதுதான் போட்டார்கள். மதியம் கரண்ட் போனதும் டீசல் புகை மாடிப்படி ஏறி நேராக என் மேசைக்கு வந்துவிடுகிறது. திறக்க ஒரு சன்னல் கிடையாது. அந்த வாடை அடித்தால் உங்கள் ஞாபகமும் கெட்ட வார்த்தையும் சேர்ந்தே வருகின்றன. கெட்ட வார்த்தையை எழுதவில்லை. நீங்கள் நோன்பு தவறாதவர்.

நம் காலண்டர் கம்பெனிக்குப் புது ஆபீஸ் கட்டப்போவதாகப் பேச்சு வந்ததுமே முதலாளியிடம் போய் நின்றீர்கள். மேற்கே சுவர் எழுப்புங்கள், காற்று வர வடக்கும் தெற்கும் சன்னல் வையுங்கள், வேப்பமரங்களை விட்டுவிடுங்கள் என்று கேட்டீர்கள். நான் பின்னால் நின்று உங்களுக்கும் தலையாட்டினேன், அவருக்கும் தலையாட்டினேன். ரோட்டில் போகிறவன் வண்டியை நிறுத்திப் பார்க்க வேண்டும் என்றார் அவர். மறைக்கிறதென்று மரங்கள் போயின. மேற்கு முழுக்கக் கண்ணாடி. குடியேறிய அன்று என் காதில் சொன்னீர்கள்:

“எங்க வாப்பா வத்தல் குடோனுக்கே மேக்க சன்னல் வைக்க மாட்டாக மாப்ள, வத்தல் வெளுத்துருமாம். இங்கன மனுசன உக்கார வச்சிருக்காக.”

வெயிலைச் சம்பந்தி மாதிரி உள்ளே கூப்பிட்டு உட்கார வைக்க வேண்டியது. பிறகு அதை விரட்ட ஏசி, ஏசிக்குக் கரண்ட், கரண்ட் போனால் டீசல். ஏசி கக்குகிற அனல் பின்கட்டில் காலண்டர் பைண்டிங் செய்கிற பெண்களின் முதுகில். இதற்குப் பெயர் முன்னேற்றம்.

உங்கள் நாற்காலி சரியாக மேற்கு மூலையில். தேதியில் ஒரு பிழையை நான் கோட்டைவிட்டதால் வீணான இருக்கன்குடி அம்மன் காலண்டர்கள் குடோனில் கட்டுக்கட்டாகக் கிடந்தன. பிழை திருத்துபவனாக நான் செய்த ஒரே நல்ல காரியம் அதுதான். அவற்றைக் கண்ணாடியில் ஒட்டி வெயிலை மறைக்கலாம் என்றீர்கள்:

“நான் ஒட்டுனா ஊரு வேற பேசும். நீ ஒட்டு மாப்ள. ஆத்தாவ எவன் கிழிக்கான்னு பாப்போம்.”

மைதாப் பசை காய்ச்சினோம். என் எடைக்கு ஸ்டூல் அழுதது, நீங்கள் பிடித்துக்கொண்டீர்கள். முதலாளி கத்திக்கொண்டே வந்தார், அம்மனைப் பார்த்தார், செருப்பைக் கழற்றினார், கன்னத்தில் போட்டுக்கொண்டு போனார். அந்தக் கோடை நிழலில் கழிந்தது.

அடுத்த கோடைக்கு முன் முதலாளி பூசாரியைக் கூட்டிவந்து, சூடம் காட்டி, மரியாதையாகவே பிரித்தெடுத்துவிட்டார். வெளியூர் பார்ட்டிகளுக்கு அசிங்கமாகத் தெரிகிறதாம். அந்தக் கோடையில்தான், கரண்ட் போன ஒரு மதியம், நாற்காலியிலேயே சாய்ந்தீர்கள், பிறகு எழவில்லை. டாக்டர் நெஞ்சுவலி என்றார். நான் மேற்குக் கண்ணாடி என்கிறேன்.

போன வாரம் ஏசி ஹாலில், தொட்டியில் வேப்பங்கன்று வைத்து, ‘சுற்றுச்சூழலைக் காப்போம்’ என்ற பேனருக்குக் கீழே முதலாளி போட்டோ எடுத்துக்கொண்டார். பேனரைப் பிழை பார்த்தவன் நானே. எழுத்துப்பிழை ஒன்றும் இல்லை.

ஆகவே இன்று காலை மறுபடியும் பசை காய்ச்சினேன். இந்த முறை அம்மன் இல்லை, முதலாளியின் அப்பா. பெரியவர் நினைவு நாளுக்கு அடித்ததில் மிஞ்சிய காலண்டர்கள், அவர் முகம் மட்டும் பெரிதாக. முதலாளி வந்து வெகுநேரம் பார்த்தார்.

“என்னய்யா இது?”

“பெரியவரு, மொதலாளி. கிழிக்கணும்னா உங்க கையாலயே கிழிச்சிருங்க.”

தொடவில்லை. இதற்குச் சூடம் காட்ட எந்தப் பூசாரியும் வரமாட்டான்.

பசை காய்ந்து விரலெல்லாம் தோல் உரிகிறது. உங்கள் நாற்காலிக்கு இன்றுதான் மறுபடி நிழல் வந்திருக்கிறது. அதில் யாரும் உட்காருவதில்லை. அந்தப் பக்கம் சுவர் எழும்புகிறவரை ஸ்டூலில் ஏறிக்கொண்டுதான் இருப்பேன். பிடித்துக்கொள்ளத்தான் ஆள் இல்லை, பாய்.