நடிகை வீட்டுக் கன்னிச் சேலை

இன்று காலை புதுச் சேலையைப் பிரித்தேன். கஞ்சி வாசம் முகத்தில் அடித்ததும் உன் ஞாபகம்தான் வந்தது. அது உனக்கென்று வாங்கிய சேலையடி.

நம் தெருவுக்குச் சினிமாக்காரர் தெரு என்று பேர். நாடகமாடி, மெட்ராஸ் போய்ச் சம்பாதித்தவர்கள் கட்டிய வீடுகள். இப்போது பூட்டும் கருவேலமும்தான் மிச்சம். நடிகை வீட்டுக்குத்தான் பெரிய கதை. கல்யாணமாகாமலே அவள் உள்ளே தூக்குப் போட்டுக்கொண்டாளாம். அவளைக் கன்னித் தெய்வமாக்கி, தைதோறும் அந்த வீட்டு முற்றத்தில் ஓலைப்பெட்டிக்குள் புதுச் சேலை வைத்துக் கும்பிட்டோம். மறுவருடம் பெட்டியைத் திறந்தால் சேலை கட்டி அவிழ்த்ததுபோல் கசங்கியிருக்கும். "கட்டிப் பாத்துருக்கா மகராசி" என்று பெண்கள் கன்னத்தில் போட்டுக்கொள்வார்கள். "எலி கட்டியிருக்கும்" என்று நீ என் விலாவில் இடிப்பாய்.

போன தையில் காரிலிருந்து ஒரு வயதான அம்மா இறங்கினார்களே!

"சேலை யாருக்கும்மா?" என்று கேட்டார்கள்.

"இந்த வீட்டு நடிகைக்குங்க. கன்னியாவே செத்துப் போனாக" என்றாய் நீ.

அந்த அம்மா சிரித்துவிட்டார்கள். "நான் நல்லாத்தானம்மா இருக்கேன். பேரன் பேத்தி எடுத்தாச்சு."

உயிரோடிருப்பவளுக்குப் படைத்துவிட்டோமே என்று தெருவே பதறியது. நீ மட்டும் பெட்டியையே பார்த்துக்கொண்டிருந்தாய். "ஏடி, அப்ப இத்தன வருசமா சேலையக் கட்டுனது யாரு?" உன் முகத்தில் கேலி இல்லை. நீ பயந்து நான் பார்த்தது அன்றைக்குத்தான்.

ஆவணியில் காய்ச்சல் வந்து போய்ச் சேர்ந்துவிட்டாய், பாவி, ஒரு வார்த்தை சொல்லாமல். உனக்கும் கல்யாணம் ஆகவில்லை. மறுபடி தை வந்துவிட்டது. நேற்று உன் அண்ணன் பெண்டாட்டி வந்தாள். "அவளும் கன்னிதான. அவ சேலையவும் அந்தப் பெட்டியிலயே வச்சிருவோம். நீதான் கூட்டாளி, ஒங் கையால வையி." சரி என்று தலையாட்டிவிட்டேன்.

மத்தியானம் போனோம். போன வருடப் பூசைக்குப் பிறகு அந்தப் பெட்டியை யாரும் தொடவில்லை. திறந்தேன். பழைய சேலை இந்தத் தடவை மடிப்புக் குலையாமல் இருந்தது. ஆனால் முந்தானை ஈரம். கார்த்திகைக்குப் பிறகு இங்கே ஒரு தூறல்கூட இல்லையடி.

"நம்ம புள்ள வந்துட்டா பாரு!" என்று உன் மதினி கன்னத்தில் போட்டுக்கொண்டாள்.

"இது அவ இல்ல மதினி" என்றேன். உள்ளே இருப்பது யாரென்று தெரியாத வீட்டில் உன்னை எப்படி விட்டுவிட்டு வருவேன்? சேலையை நெஞ்சோடு அணைத்துக்கொண்டு ஓட்டமும் நடையுமாக வந்துவிட்டேன். அவள் ஏசியது தெருமுனை வரை கேட்டது. ஏசட்டும்.

உன் சேலையை என் சேலைகளோடு கொடியில் போட்டிருக்கிறேன். வேண்டுமென்றால் இங்கே வந்து கட்டிக்கொள். உனக்கு நான் பயப்பட மாட்டேனடி.