ஈ என்றால் பூச்சி இல்லை

6 ஜனவரி, செவ்வாய்

பனிமூட்டம். பஸ்ஸிலிருந்து மலை மந்திர் கோபுரம்கூடத் தெரியவில்லை.

இன்று முதலில் கண்ணில் பட்டது: மாதி அக்கா ஒவ்வொரு வார்த்தையையும் சொல்லி நிறுத்திவிட்டு, மேஜையில் இருக்கும் போனைப் பார்க்கிறாள். போனில் அவள் தங்கை. நீலகிரியில், ஆஸ்பத்திரிக் கட்டிலில். அவர்கள் மொழி முழுசாகத் தெரிந்தவர்கள் இவர்கள் இரண்டு பேர்தானாம். பிள்ளைகள் எல்லாம் தமிழ்தான். அந்தப் பிள்ளைகளுக்குப் பாடப்புத்தகம் போடத்தான் அக்காவை டெல்லிக்கு வரவழைத்துப் பதிவு செய்கிறார்கள். ஒருத்தி சொல்லி இன்னொருத்தி ஒப்புக்கொண்டால்தான் வார்த்தை புத்தகத்தில் ஏறும்.

என் வேலை, கேட்டுத் தமிழ் எழுத்தில் டைப் அடிப்பது. அப்பாவின் சிநேகிதர் ராகவன் சார் கொடுத்த வேலை. ஒன்பதாவதோடு நின்றவளுக்கு இதுவே பெரிது. யாரிடமும் பேச வேண்டாம்.

தங்கை ஒவ்வொன்றுக்கும் "ஈ" என்றாள். நான் "ஈ – பூச்சி" என்று அடித்து வைத்தேன். அக்கா அதைத் தங்கையிடம் சொல்ல, இரண்டு பேரும் சிரித்த சிரிப்பு! எனக்குக் காது சுட்டது. ஈ என்றால் நாம் உம் கொட்டுகிறோமே, அது.

"ஈ சொன்னாத்தான் அடுத்தது வரும் பாப்பா. இல்லேன்னா செவுத்துகிட்ட பேசுற மாதிரி."

இரண்டு வார்த்தைக்குத் தங்கை ஈ சொல்லவில்லை. திருத்தினாள்.

வாங்க: து. பருப்பு, அம்மா மாத்திரை, சாக்ஸ்.

7, புதன்

வெயிலே இல்லை. துணி காயவில்லை.

தங்கையின் ஈ சன்னமாகிவிட்டது. பாதி இருமல்.

அக்கா: "சார், நான் ஊருக்குப் போகோணும்."

சார்: "வெள்ளிக்கிழமை பெரிய அதிகாரிங்க வராங்கம்மா. நீ இல்லேன்னா திட்டத்தையே மூடிடுவாங்க. சனிக்கிழமை நானே ரயில் ஏத்தி விடறேன். அச்சா?"

அக்கா போகட்டும் சார் என்று சொல்ல வாயெடுத்தேன். "பையா, தோ சாய்" என்று சார் கத்தினார். டீ வந்தது. குடித்தேன்.

8, வியாழன்

காலையில் போன். தங்கை போய்விட்டாள்.

அக்கா அழவில்லை. "அவ புருசன் தமிழ்லதான் சொன்னான்" என்றாள். அதையே இரண்டு தடவை சொன்னாள்.

ரயிலில் போனாலும் முகம் பார்க்க முடியாது. அதுவரை வைத்திருக்க மாட்டார்கள். சார் கண்ணைத் துடைத்துக்கொண்டார். நிஜமாகவே. பிறகு நாளைக்கு நாற்காலி போதுமா என்று கேட்டார்.

சாப்பிடப் பிடிக்கவில்லை. புதனன்று நான் வாயைத் திறந்திருந்தாலும் சார் கேட்டிருக்க மாட்டார். ஆனால் திறக்கவில்லை.

9, வெள்ளி

மறுபடி பனி.

அதிகாரிகள் வந்தார்கள். அக்காவுக்குச் சால்வை, போட்டோ. "பஹுத் படியா", ரொம்பப் பிரமாதம் என்று ஒரு அம்மாள் அவள் கன்னத்தைத் தட்டினாள். போய்விட்டார்கள்.

மிச்ச வார்த்தைகளை இன்றே ஜல்தி முடிக்க வேண்டுமாம். சார் என்னிடம் குனிந்து, "இனிமே ரெக்கார்டிங்ல தங்கைக்குப் பதிலா நீயே ஈ சொல்லிடும்மா. உனக்குத்தான் காது பழகிடுச்சே. யாருக்குத் தெரியப் போகுது? புத்தகம் வரலேன்னா அந்தக் குழந்தைங்களுக்குத்தான் நஷ்டம்" என்றார். அவர் சொல்வதும் சரிதான். கதவைச் சாத்திக்கொண்டு போனார்.

நானும் அக்காவும்.

"தப்பாச் சொன்னா இனி யாரு பாப்பா திருத்துவா?"

எனக்கு என்ன தெரியும்.

அடுத்து அடுப்புச் சாம்பலுக்கு அவர்கள் வார்த்தை. சொன்னாள். நிறுத்தினாள். மேஜையைப் பார்த்தாள். இன்று அங்கே போன் இல்லை. அதையே திரும்பச் சொன்னாள். இன்னொரு தடவை. அடுத்ததற்குப் போக அவளால் முடியவில்லை. மைக்கில் சிவப்பு விளக்கு எரிந்துகொண்டிருந்தது.

மைக்கை அணைத்தேன். அப்புறம் "ஈ" என்றேன்.